விடியற்காலையில் மதுரையில் இறங்கினால் இரண்டு நாள் வாடகையா?

தாம்பரம்வாசி:
தை மாதம் குடும்பத்தோடு மதுரை, ராமேசுவரம் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகிவிட்டது. விடிவதற்குள் மதுரையில் இறக்கிவிட்டுவிடும். செயலியில் பார்க்கிற ஹோட்டல்கள் எல்லாம் பகல் 12 மணிக்குத்தான் அறை என்கின்றன. அதற்கு முன்பே வேண்டுமென்றால் முந்தைய நாள் வாடகையும் தர வேண்டுமாம். ஐந்து பேர் என்பதால் இரண்டு அறை வேறு. குளிக்க ஓர் இடம், மதியம் மாமியார் கால் நீட்ட ஒரு கட்டில், ஓர் இரவுத் தூக்கம். இதற்கு நான்கு வாடகையா?

பழைய பைதூக்கி:
மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு தென்மாவட்ட லாட்ஜ்களிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன் அம்மா, முதலில் அந்தச் செயலியை மூடுங்கள். ஸ்டேஷனுக்கு எதிரே மேலவெளி வீதி, டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் இருக்கிற லாட்ஜ்களில் பல இன்றும் 24 மணி நேரக் கணக்கில்தான் அறை கொடுக்கின்றன. காலை 5.30க்கு நுழைந்தால் மறுநாள் 5.30 வரை உங்களுடையது. மீனாட்சி கோயில் நடை பகல் 12.30க்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் மாமியார் நிம்மதியாகப் படுக்கலாம். டவுன் ஹால் ரோட்டில் நேரே நடந்தால் மேற்குக் கோபுரம், ஆட்டோச் செலவும் இல்லை.

ஆட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. 'நல்ல லாட்ஜ் காட்டுகிறேன்' என்று யாராவது பெட்டியில் கை வைத்தால் விடாதீர்கள். அவருக்குப் போகிற கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். நீங்கள் எல்லோரும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருங்கள், கணவர் மட்டும் வெறுங்கையோடு போய் விசாரிக்கட்டும். பெட்டியும் குழந்தையுமாய் நிற்பவரிடம் எந்த மேனேஜரும் இறங்கி வரமாட்டார்.

அங்கே கவனிக்க வேண்டியது அந்த நீளமான ரிஜிஸ்டர். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பையன் 5.50க்கு வந்தவருக்கு 5 என்று எழுதிவிட்டுப் போவான். மறுநாள் காலை அதே 5ஐக் காட்டி இன்னொருவர் அரை நாள் வாடகை கேட்பார். வந்த நேரத்தை உங்கள் கணவரே தன் கையால் எழுதட்டும், ரசீதிலும் போடச் சொல்லட்டும்.

ஏசி வேண்டாம் என்றால் சில இடங்களில் ஏசி அறையையே ரிமோட்டை எடுத்துவைத்துக்கொண்டு சாதா வாடகைக்குத் தருவார்கள். தை மாதத்துக்கு அது தாராளம். கேட்டால்தான் சொல்வார்கள். இரண்டு அறையும் தேவையில்லை. மூன்று கட்டில் போட்ட அறை கேளுங்கள், ஒரு பவானி ஜமக்காளத்தைச் சுருட்டி எடுத்துப்போங்கள். பிள்ளைகளுக்குத் தரையில் படுப்பதே கொண்டாட்டம். கூடுதல் மெத்தை என்று அவர்கள் தருவது பெரும்பாலும் ஒரு பாயும் தலையணையும்தான், அதற்கு வாங்குகிற காசு அநியாயம்.

ராமேசுவரத்துக்குத் தை அமாவாசையை ஒட்டிப் போய்விடாதீர்கள். அன்றைக்கு வாடகை அவர்கள் வாயில் வருவதுதான்.

ரயில்தோழன்:
ஸ்டேஷனிலேயே வாடகைக்குக் கிடைக்கும் ரயில்வே ஓய்வறையை மறந்துவிட்டீர்களே. டிக்கெட் உறுதியாகியோ ஆர்ஏசியிலோ (உட்கார இடம் மட்டும் உறுதி) இருந்தால் டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம். 12 மணி நேரத்துக்கும் எடுக்கலாம்.

பழைய பைதூக்கி:
கிடைத்தால் அதைவிட மலிவு வேறில்லை. தை மாதத்தில் கிடைக்க வேண்டுமே! இன்றைக்கே பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
பில்லையும் பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்பு 12. ஜிஎஸ்டி எண் அச்சடிக்காத பில்லில் வரி கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கவே முடியாது.

தாம்பரம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஓய்வறை பார்த்தேன், காலி இல்லை. ராமேசுவரத்தில் தீர்த்தமாடிய ஈரத்துணியோடு என்ன செய்வது? அங்கும் அறை எடுக்க வேண்டுமா?

பழைய பைதூக்கி:
இரவு தங்காவிட்டால் வேண்டாம். 22 தீர்த்தமும் ஆடிய பிறகு உலர்ந்த உடையில்தான் சுவாமி தரிசனம் என்பதால் உடை மாற்றக் கோயிலிலேயே இடம் உண்டு. தங்குவதென்றால் கோயில் நிர்வாகத்தின் விடுதியை முதலில் கேளுங்கள். மாமியாருக்கு வெந்நீர் தேவைப்பட்டால் எந்த லாட்ஜிலும் 'உண்டா' என்று கேட்காதீர்கள், 'எத்தனை மணிக்கு வரும்' என்று கேளுங்கள். உண்டா என்றால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள்.