செயின்சா கொஞ்சம் ஓடி நின்னு போவுது, அவசரம்

விளைக்காரன்_குலசேகரம்:
எனக்க அப்பா வாங்கின, மரம் அறுக்குற செயின்சா. ஸ்டார்ட் ஆவுது, கொஞ்சம் ஓடும், பொறவு நின்னு போவுது. கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை கழண்டாச்சு. பிளக் புதுசு போட்டாச்சு, ஏர் ஃபில்டர் கழுவியாச்சு. ஞாயித்துக்கிழமை தடிக்கு வண்டி வருது, இன்னும் ஆறு மூடு ரப்பர் மரம் நிக்குது. சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

மலையோரம்77:
என்ன மெஷின்? எத்தனை சிசி? 'கொஞ்சம்'னா ஒரு நிமிஷமா, அரை மணி நேரமா?

தக்கலை_ஒர்க்‌ஷாப்:
பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற கார்ப்பரேட்டர்தான். வேற ஒண்ணும் இல்ல. உள்ள இருக்க டயாபிராம்ங்கிற ரப்பர் சவ்வு காய்ஞ்சு அப்பளம் மாதிரி ஆயிருக்கும். கிட் வாங்கி மாத்துங்க.

தோட்டக்காரி:
பெட்ரோல் எத்தனை நாள் பழசு? ஆயில் எவ்வளவு கலக்குறீங்க?

விளைக்காரன்_குலசேகரம்:
ஆரஞ்சு கலர் மெஷின். ஒக்கி புயல் அடிச்சப்ப வாங்கினது. ஆயில் ஒரு குப்பிக்கு ஒரு மூடி.

மலையோரம்77:
ஆரஞ்சு கலர்ல பாதி கம்பெனி மெஷின் போடுது தம்பி. சரி, 2017 கடைசியில வாங்கினதுன்னு வச்சுக்குறேன். எவ்வளவு நேரம் ஓடுதுன்னு இன்னும் நீங்க சொல்லல.

தோட்டக்காரி:
ஒரு மூடின்னா எந்த மூடி? தண்ணிக் குப்பி மூடின்னா 10 மில்லிகூட வராது. 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலவைன்னா லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1னா 20 மில்லி. குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுக்கும். எங்க தோட்டத்துல வேலைக்கு வந்த பையன் கண்ணளவுல ஊத்தி ஒரு மெஷினை அப்படித்தான் காலி பண்ணினான்.

டூஸ்ட்ரோக்_வாத்தியார்:
இதே கேள்விக்கு நான் எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓடுற டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்க மெஷினை விட்டுட்டு வெட்டோத்தி எடுக்குறது நல்லது. மாடல், சிசி, கலவை, சூட்டுல நிக்குதா குளிர்ல நிக்குதா, இவ்வளவும் எழுதிட்டுக் கேளுங்க.

விளைக்காரன்_குலசேகரம்:
மன்னிக்கணும், அவசரத்துல எழுதினேன். சைனா மெஷின், 58 சிசி. 10 நிமிஷம் நல்லா ஓடும். அப்பறம் மூச்சு முட்டுன மாதிரி இழுத்து இழுத்து நின்னு போவும். உடனே இழுத்தா ஸ்டார்ட் ஆவாது. 20 நிமிஷம் ஆறப்போட்டா பழையபடி ஓடும். மூடி ஆயில் டப்பாவோட மூடி, அப்பா சிரிஞ்சி வச்சு அளந்தது, 40 மில்லி.

டூஸ்ட்ரோக்_வாத்தியார்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சம். காயில். பிளக்குக்குக் கரண்ட் குடுக்குறது அதுதான், சூடானதும் உள்ள கம்பி விட்டுப் போவும், ஆறினா ஒட்டிக்கும். மாத்துங்க. மேக்னட்டுக்கும் காயிலுக்கும் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, விசிட்டிங் கார்டு ஒண்ணு வச்சு முறுக்கினாப் போதும்.

தக்கலை_ஒர்க்‌ஷாப்:
காயில்னா இழுத்து இழுத்து நிக்காது வாத்தியாரே, சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நிக்கும். இது பெட்ரோல் வராத சங்கதி. கார்ப்பரேட்டர்.

கடையல்_பெட்ரோல்பங்க்:
இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊற வச்சுடும். டேங்குக்குள்ள கிடக்க குழாயை வெளியே எடுத்து வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரியும். ஒரு மாசத்துக்கு மேல பெட்ரோலை டேங்க்ல விடாதீங்க.

அருமனை_அண்ணாச்சி:
எல்லாரும் பைய நில்லுங்க. தம்பி, காசு செலவில்லாம ஒரு காரியம் செய்யும். மெஷின் நின்ன உடனே, ஆற விடாம, பெட்ரோல் மூடியைப் பையத் திறந்து காதை வச்சுக் கேளும். 'புஸ்'னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா டேங்குக்குக் காத்து வர்ற வழி அடைஞ்சிருக்கு. பெட்ரோல் வெளிய போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வரணும், வரலன்னா டேங்குக்குள்ள இழுவை விழும், கார்ப்பரேட்டர் உறிஞ்சினாலும் பெட்ரோல் ஏறாது. 20 நிமிஷம் வச்சா எங்கயாவது கசிஞ்சு காத்து ஏறிடும், அதான் திரும்ப ஓடுது. பாக்குறதுக்கு சூட்டுக் கோளாறு மாதிரியே இருக்கும்.
மூடியைத் திறந்து அடைச்சதும் உடனே ஸ்டார்ட் ஆனா அதுதான். ஆவலன்னா பிளக்கைக் கழட்டி சூட்டோட கரண்ட் வருதான்னு பாரும். பெட்ரோல் சிந்தின இடத்துல வேண்டாம், பத்தடி தள்ளிப் போய்ச் செய்யும், டேங்கை மூடி வையும். கரண்ட் இல்லன்னா வாத்தியார் சொன்ன காயில்.

மலையோரம்77:
அதோட சுவிட்சை அணைச்சுட்டு கயிறைப் பிடிச்சு மெஷினைத் தூக்குங்க. தத்தித் தத்தி இறங்கினா சிலிண்டருக்குள்ள அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் இருக்கு. சரசரன்னு இறங்கினா பிஸ்டன் ரிங் போச்சு, இவ்வளவு பேச்சும் வீண். ரப்பர் அறுக்குற மெஷின்னா சிலிண்டர் மேல இருக்க தகட்டு இடுக்குல பாலும் தூளும் சேர்ந்து அடையா அப்பியிருக்கும், அதையும் சுரண்டுங்க. அது அடைஞ்சா நிஜமாவே சூடு ஏறும்.

திற்பரப்பு_ராசா:
செயினுக்கு என்ன ஆயில் ஊத்துறீங்க? செயின் இறுகினாலும் மெஷின் திணறும். நான் வண்டியில வடிச்ச கருப்பு ஆயில்தான் ஊத்துறேன், அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆவல.

தோட்டக்காரி:
வடிச்ச ஆயில்ல இரும்புத் தூள் கிடக்கும், ஆயில் பம்பை அரிச்சுடும். கைக்கும் ஆவாது. நான் தேங்காய் எண்ணெய்.

திற்பரப்பு_ராசா:
தேங்காய் எண்ணெய் விக்கிற விலையில செயினுக்கா? மீன் பொரிக்கவே யோசிக்கிறோம் அக்கா.

தோட்டக்காரி:
எங்க தோட்டத்துத் தேங்காய். கெட்டுப்போன எண்ணெயை வேற என்ன செய்ய?

கடையல்_பெட்ரோல்பங்க்:
24 டிகிரிக்குக் கீழ போனா உறையும். பேச்சிப்பாறை பக்கம் மார்கழி காலையில பம்புல கட்டியா நிக்கும் பாருங்க.

தோட்டக்காரி:
மார்கழியில காலம்பற ஆறு மணிக்கு மரம் அறுக்கப் போறவ நான் இல்ல.

டூஸ்ட்ரோக்_வாத்தியார்:
கேட்டவன் செயினைப் பத்திக் கேக்கல. எண்ணெய்க் கடையை வேற எங்கயாவது போடுங்க.

திற்பரப்பு_ராசா:
ஓய், நீரு காயில் கடை போடலாம், நாங்க எண்ணெய்க் கடை போடக் கூடாதா?

அருமனை_அண்ணாச்சி:
தம்பி விளைக்காரா, பாத்தீரா இல்லையா?

(இரண்டு நாள் கழித்து)

விளைக்காரன்_குலசேகரம்:
புஸ்னு சத்தம் வந்துது. மூடியைத் திறந்து மூடினதும் ஓடிட்டு. டேங்க் பக்கத்துல சின்னக் குழாய் ஒண்ணு இருக்கு, அதுல எம்சீல் வச்சு அடைச்சிருக்கு. பெட்ரோல் கசியுதுன்னு அப்பா போன மாசம் அடைச்சாராம். சொல்ல மறந்துட்டேன். சுரண்டி எடுத்தாச்சு, மூணு மூடு அறுத்தாச்சு. நன்றி.

தக்கலை_ஒர்க்‌ஷாப்:
பெட்ரோல் வராத சங்கதின்னு சொன்னேன்ல.

டூஸ்ட்ரோக்_வாத்தியார்:
போன மாசம் அடைச்சதுன்னு முதல் நாளே எழுதியிருந்தா நான் ஒரு வரியில முடிச்சிருப்பேன்.

அருமனை_அண்ணாச்சி:
நல்லது. ஆனா அந்தக் குழாய்க்குள்ள சின்ன வால்வு இருக்கணும், காத்தை உள்ள விடும், பெட்ரோலை வெளிய விடாது. அது போனதுனாலதான் கசிஞ்சிருக்கு. ஓட்டையைத் திறந்தே விட்டா மெஷினைச் சரிச்சு அறுக்கும்போது சூடான சைலன்சர் பக்கம் பெட்ரோல் வடியும். அந்த வால்வை வாங்கிப் போடாம மிச்சம் மூணு மரத்தைத் தொடாதீரும்.

தோட்டக்காரி:
அப்பாகிட்ட சொன்னீங்களா?

விளைக்காரன்_குலசேகரம்:
இல்ல. ஒறங்குறாரு. வால்வுக்கு மார்த்தாண்டம் போறேன்.