கடலோர வண்டிக்கு எடை குறைந்த எக்ஸாஸ்ட்: டைட்டானியமா, 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

கடிலக்கரை:
1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். நிற்பது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம். தினமும் திருப்பாதிரிப்புலியூர் வரை போய் வருவது, எப்போதாவது பாண்டி. கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) தொடமாட்டேன். அதற்குப் பின்னால் 3 மீட்டர் 2 இன்ச் பைப்பும் மஃப்ளரும் (சத்தம் குறைக்கும் டப்பா) மட்டும் மாற்ற வேண்டும். எடையும் குறையணும், உப்புக்காற்றும் தாங்கணும். டைட்டானியம் கிரேடு 2 (கலப்பில்லாத வகை) சரிவருமா?

டிக்டார்ச்:
வேண்டாம் பாஸ். 1.2 மிமீ 304 பைப் மீட்டருக்கு 1.5 கிலோ, 1 மிமீ டைட்டானியம் 0.7 கிலோ. 3 மீட்டருக்கு மிச்சம் 2.4 கிலோ. டிக்கியில் கிடக்கும் ஜாக்கியை இறக்கினாலே அது வந்துவிடும். அதற்கா பல மடங்கு காசு?

பிஒய்01:
எடையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. அவர் கேட்டது உப்பையும் சேர்த்து. உப்பிலுள்ள குளோரைடு பட்டால் 304-இல் குழி விழும், டைட்டானியம் அசையாது. சூட்டில் நீளுவதும் குறைவு: 300 டிகிரி ஏறினால் 3 மீட்டர் 304 சுமார் 16 மிமீ நீளும், டைட்டானியம் 8 மிமீ. பைப்பை வண்டி அடியில் தொங்கவிடும் ஹேங்கர் பிராக்கெட் பிய்வதில் பாதி இதனால்தான்.

டிக்டார்ச்:
வெல்டிங்கை யார் செய்வது? டைட்டானியம் சூட்டில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கிப்போகும். காற்றுப் படாமலிருக்க பைப்புக்குள் ஆர்கான் வாயு நிரப்பணும், வெல்டிங் டார்ச் நகர்ந்த பிறகும் வெல்டு ஆறும்வரை பின்னாலேயே ஆர்கான் போகணும். வெள்ளி நிறமோ வைக்கோல் நிறமோ வந்தால் நல்லது. நீலம், சாம்பல், வெள்ளைப்பொடி வந்தால் அந்த ஜாயின்டை வெட்டி எறியணும். வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி திரும்பும், அதனால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். ஒரு வளைவுக்கே நாலைந்து ஜாயின்ட், ஒவ்வொன்றும் விரிசலுக்கு ஓர் இடம். போதாக்குறைக்கு 300 டிகிரியிலேயே கிரேடு 2-இன் வலுவில் பாதி போய்விடும்.

வில்லியனூர்_லேத்து:
கம்பெனிக்காரன் 409 ஸ்டீல் போடுவது முட்டாள்தனத்திலா? நீளுவது 304-ஐவிடக் குறைவு, விலையும் குறைவு.

பிஒய்01:
409-இல் குரோமியம் 11 சதவீதம்தான். கடற்கரையில் ஒரே மழைக்காலத்தில் வெளிப்பக்கம் பழுப்பேறும். எடையும் 304 அளவுதான் அண்ணே, கேட்டதற்கு விடையில்லை.

டிக்டார்ச் சார், கடையில் '304' என்று கொடுப்பது மட்டமான 202 ஸ்டீலாக இருந்தால்? இரண்டும் காந்தத்தில் ஒட்டாது. ஸ்டீல் சோதனைத் திரவத்தைப் பைப்பில் ஒரு சொட்டு வைத்து, அதில் 9 வோல்ட் பேட்டரியால் தொடுங்கள். சில நொடியில் சிவந்தால் மாங்கனீஸ் மிகுந்த 200 வரிசை. 304 இப்படிச் சிவக்காது. நல்ல 304 ஆனாலும் வெல்டு ஓரத்து நீலத்தை அப்படியே விட்டால் அந்தக் கோட்டிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும்.

டிக்டார்ச்:
அது ஒத்துக்கொள்கிறேன். உள்ளே ஆர்கான் விட்டு 308எல் வெல்டிங் ராடில் ஒட்டணும், பிறகு பிக்ளிங் பேஸ்ட் (அந்த நீலத்தைக் கரைக்கும் அமிலக் களிம்பு) போட்டுக் கழுவணும். ஆர்கான் இல்லாமல் ஒட்டினால் உள்பக்கம் சர்க்கரைக் கட்டி மாதிரிக் கருகும். எடை குறையுமென்று 1 மிமீ 304 கேட்காதீர்கள், ஹேங்கர் ஒட்டிய இடத்தில் அதிர்ந்து கிழியும். அங்கே ஒரு பட்டைத் தகடு வைத்துத்தான் ஹேங்கர் கம்பியை ஒட்டணும்.

பிஒய்01:
இவ்வளவும் பைப்பைப் பற்றியே பேசுகிறோம். மஃப்ளரைக் கழற்றித் தராசில் வையுங்கள், கனம் அங்கேதான். தினசரி ஓட்டம் சின்னதாக இருப்பதால் அது உள்ளேயிருந்து அழுகும்: 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 1 லிட்டர் தண்ணீர் பிறக்கிறது, சூடேறுமுன் வண்டியை அணைத்தால் மஃப்ளர் அடியில் தேங்கிவிடும். அதன் தாழ்ந்த முனையில் 3 மிமீ துளை போடுங்கள். பைப் 304, மஃப்ளர் மட்டும் டைட்டானியம் என்பது என் கட்சி. சூடு குறைந்த இடம், வளைவும் இல்லை.

டிக்டார்ச்:
அப்படியானால் இரண்டையும் சேர்த்து வெல்டு பண்ணச் சொல்லிவிடாதீர்கள், ஸ்டீலும் டைட்டானியமும் ஒட்டாமல் உடையும். ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து கிளாம்ப் போடணும், இல்லையென்றால் வி-பேண்ட் (வளையக் கிளாம்ப்). மஃப்ளருக்கு மட்டும் அவ்வளவு காசா என்பதில் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

கடிலக்கரை:
304 பைப், 1.2 மிமீ, முடிவு. மஃப்ளரை நாளை எடை போட்டுச் சொல்கிறேன்.

வில்லியனூர்_லேத்து:
சத்தம் கூடினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் வழக்கு வரும். எடை போட்ட கையோடு பழையதைக் காயலான் கடையில் தள்ளிவிடாதீர்கள், திரும்ப மாட்ட வேண்டிவரும்.