அம்மா கேட்கும் இந்தக் கொரியப் பாடகி யார்?

ஈசூன் சுமதி:
அம்மாவுக்கு வயது 76. கொரிய நாடகம் பார்க்கிற பழக்கம் ஏற்கெனவே உண்டு. இப்போது அது முடிந்த கையோடு யூடியூப்பில் ஒரு வயதான கொரிய அம்மா பாட வேண்டும். கை காலை ஆட்டாமல், மைக் முன்னால் நின்ற இடத்திலேயே நின்று பாடுகிறார். சோறு ஆறினாலும் அம்மா எழுந்து வருவதில்லை. "நம்ம சுசீலா காலத்துப் பாட்டு மாதிரியே இருக்குடி" என்கிறார். பெயர் லீ மிஜா என்று போட்டிருக்கிறது. அவருடைய பாட்டு ஒன்றைத் தடை செய்திருந்தார்கள் என்று ஆபீசில் ஒரு கொரியத் தோழி சொன்னாள். காதல் பாட்டுக்கு என்ன தடை?

கீபோர்டு செல்வம்:
அம்மாவுக்கு நல்ல காது. லீ மிஜா 1941இல் பிறந்தவர், 1959இல் பாட வந்தவர். டிராட் என்கிற பாட்டு வகையின் மகாராணி என்றே அங்கே அவரைச் சொல்வார்கள்.

தடை உண்மைதான். 1964இல் ஒரு படத்துக்காக 'தொங்பேக் அகாசி' பாடினார், நாடே முணுமுணுத்தது. அடுத்த வருஷமே "ஜப்பானிய வாடை அடிக்கிறது" என்று வானொலியில் நிறுத்திவிட்டார்கள். 1965இல்தான் ஜப்பானோடு உறவைச் சீராக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜப்பானிடம் 35 வருஷம் அடிமைப்பட்டுக் கிடந்த ஜனங்களுக்குக் கோபம் இருக்காதா? அந்தக் கோபத்துக்குப் பாட்டு பலியானது. 1987இல்தான் தடை நீங்கியது. அவருடைய வேறு சில பாட்டுகளுக்கும் இதே கதி. ஆனாலும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

1989இல் சோல் நகரத்தின் செஜோங் அரங்கத்தில் 30ஆம் ஆண்டுக் கச்சேரி. சாஸ்திரிய இசைக்கான மேடையில் சினிமாப் பாட்டுக்காரி ஏறுவதா என்று முணுமுணுப்பு எழாமல் இல்லை. 2002இல் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கிலும் போய்ப் பாடினார். 2025 ஏப்ரலில் அதே செஜோங்கில் கடைசிக் கச்சேரி. 66 வருஷம்!

சுசீலா நினைவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. சிவரஞ்சனி ராகம் வாசித்துப் பாருங்கள்: ச ரி க ப த. கடைசியில் வரும் 'த', அந்தத் தைவதத்தை மட்டும் அரைச் சுரம் இறக்குங்கள், பழைய டிராட் பாட்டுகளில் பாதி அதற்குள் வந்துவிடும். ஆனால் நம் கமகம் போல சுரத்தை அசைக்க மாட்டார்கள். குரலை ஒரு நொடி உடைத்து, உடனே பிடித்துக்கொள்வார்கள். இப்போது டிவி போட்டிகளில் பாடும் பிள்ளைகள் அதை வரிக்கு வரி போட்டுத் தள்ளுகிறார்கள், எனக்குக் காது வலிக்கிறது. லீ மிஜா அளவோடுதான் போடுவார், அதனால்தான் உறைக்கிறது.

தேக்கா நூர்:
அண்ணே, சீனர்களின் ஏழாம் மாதத்தில் போடுகிற கேத்தாய் பாட்டு மேடையில் கேட்கிற ஹொக்கியன் சீனப் பாட்டும் எனக்கு இதே மாதிரிதான் படுகிறது. எங்கள் புளோக் கீழே வருஷா வருஷம் நடக்கும், தூங்க முடியாது. எனக்கென்னவோ டிராட் என்றால் பாடகர் நா ஹூன்-ஆதான். மேடையில் சும்மா நிற்கவே மாட்டார் மனுஷன். 2025 ஜனவரியில் கடைசிக் கச்சேரி பாடிவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டார்.

கீபோர்டு செல்வம்:
நூர், சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஹொக்கியன் பாட்டுகளில் நிறைய, 'எங்கா' என்கிற ஜப்பானியப் பாட்டு வகையின் மெட்டுகள். டிராட்டும் எங்காவும் பங்காளிகள்தான், என்ன, சொத்துத் தகராறு இன்னும் தீரவில்லை. நா ஹூன்-ஆ பெரிய ஆள், மறுக்கவில்லை. ஆனால் 76 வயது அம்மாவிடம் அந்த ஆட்டபாட்டத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

ஈசூன் சுமதி:
நன்றி அண்ணே. எல்லாம் படித்துக் காட்டினேன். "22 வருஷமா? வீட்டுக்குள்ள பாடுறத யாரு தடுக்க முடியும்" என்றார். இப்போது பேரனை அந்தத் தடை செய்த பாட்டை வாசிக்கச் சொல்லி நச்சரிக்கிறார். அவன் கீபோர்டு வகுப்பில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முடியுமா?

கீபோர்டு செல்வம்:
தாராளமாக. ஏ மைனரில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கறுப்புக் கட்டை பக்கமே போக வேண்டாம். ஏ, பி, சி, இ, எஃப்: மேலே சொன்ன ஐந்து சுரமும் இவைதான். முதலில் வலது கை மட்டும் போதும்.