விரல் சில்லிட்டிருந்தது, கருவி 84 காட்டியது

அப்பாவுக்கு நிமோனியா வந்து, வீட்டுக்கு அழைத்து வந்த மூன்றாம் நாள். விடிகாலையில் ஆக்சிமீட்டரை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவியை, விரலில் மாட்டினால் 84. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அப்பா மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தார், உதடும் நீலம் பாரிக்கவில்லை. போனில் கூப்பிட்டதும் செவிலியர் கேட்டது இதைத்தான்: "கருவியில் நாடித்துடிப்பு எவ்வளவு? மணிக்கட்டில் எண்ணினால் எவ்வளவு?" கருவியில் 118. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன், 76. "அது நாடியையே பிடிக்கவில்லை. கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் குறைவாக இருந்தால் உடனே கிளம்பி வாருங்கள்" என்றார். விரலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. போர்வைக்குள் வைத்துச் சூடாக்கி, கையை அசைக்க விடாமல் மாட்டி ஒரு நிமிடம் பொறுத்தேன். 96.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகள் விரலுக்குள் போகின்றன. சதையும் எலும்பும் ஒளியை எப்போதும் ஒரே அளவில் உறிஞ்சும். துடிப்போடு கூடிக் குறைவது தமனி ரத்தத்தின் பங்குதான், கணக்கெல்லாம் அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தில். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் அதுவும் மங்கிவிடும். கை நடுங்கினால் நடுக்கத்தையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும்.

---

என் அக்காவுக்குக் கருநீல நகப்பூச்சு. 92 காட்டியது, துடைத்ததும் 96. துடைக்க வழியில்லை என்றால் விரலைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டிப் பாருங்கள். வெயில் நேராக விழுந்தாலும் எண் தாவும், துணியால் மூடிக்கொண்டால் சரியாகிவிடும்.

---

எனக்கு நடந்தது நேர்மாறு. மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் புகை வந்துவிட்டது. தலைவலி, வாந்தி, கருவியிலோ 99. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறிய ஹீமோகுளோபினை இந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியது என்றே எடுத்துக்கொள்ளும். ரத்தம் எடுத்துச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. குறைத்துக் காட்டினால் பதறியாவது ஓடுவோம், கூட்டிக் காட்டினால் சும்மா இருந்துவிடுவோம். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

என் தோல் நல்ல கறுப்பு. அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருப்பது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய 3 மடங்காக இருந்தது. அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே என் அளவை எழுதி வைத்திருக்கிறேன்: 97. ஒருநாள் 94 வந்து, மூச்சும் வாங்கினால், "94 தானே" என்று காத்திருக்க மாட்டேன்.