டின்டட் மாய்ஸ்சரைசர் போட்டால் ஃபவுண்டேஷனை விட்டுடலாமா?

கேள்வி:

தினமும் வேலைக்குப் போற மேக்கப்ல ஃபவுண்டேஷனை நிறுத்திட்டு டின்டட் மாய்ஸ்சரைசருக்கு (லேசா நிறம் கலந்த மாய்ஸ்சரைசர்) மாறலாமான்னு யோசிக்கிறேன். மாநிறம், மஞ்சள் சாயல். கன்னம் வறட்சி. நெற்றியிலயும் மூக்குலயும் மதியத்துக்குள்ள எண்ணெய் வழிஞ்சிடும். கன்னத்துல பரு ஆறின பழுப்புத் தழும்பு நாலஞ்சு இருக்கு, கண்ணுக்குக் கீழே லேசான கருவளையம்.

தெரிஞ்சுக்க வேண்டியது மூணு விஷயம். தழும்பு மறையுமா? டியூப்ல எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 30 போட்டிருந்தா தனியா சன்ஸ்கிரீன் தேவையில்லையா? சாயங்காலம் வரை நிக்குமா?

பதில் 1:

தாராளமா மாறலாம். ஆனா தழும்பை மறைக்கிற வேலையை அது செய்யாது, அதுக்குக் கன்சீலர், அதாவது அந்தந்த இடத்துல மட்டும் வெச்சு மறைக்கிற அடர்த்தியான க்ரீம், வேணும். ரெண்டிலயும் இருக்கிற நிறமி ஒண்ணுதான்: இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டைஆக்சைடும். அளவுதான் வேற. ஃபவுண்டேஷன்ல நிறமி அடர்த்தியா இருக்கும், டின்டட் மாய்ஸ்சரைசர்ல ரொம்பக் கொஞ்சம். அதனால மூக்கோரச் சிவப்பு, வாயைச் சுத்தி இருக்கிற லேசான கருமை இதையெல்லாம் சமப்படுத்திடும். பழுப்புத் தழும்பு மட்டும் அடியில தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதை மறைக்கணும்னு ரெண்டாவது, மூணாவது கோட் போடறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. தழும்பு மறையாது, முகம் மட்டும் பிசுபிசுப்பாகி, கோடு கோடா திரிஞ்சிடும்.

செய்ய வேண்டிய முறை இது. முதல்ல டியூபை மூடியோட நல்லா குலுக்குங்க. நிறமி அடியில தங்கியிருந்தா முதல்ல வெறும் எண்ணெய்தான் வரும். ஒரு பட்டாணி அளவு, அதாவது கால் கிராமுக்குக் கொஞ்சம் கூட, எடுத்து விரல் நுனியில தேய்ச்சுச் சூடாக்கிக்கோங்க. மூக்கோரத்துல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா காது வரைக்கும் இழுங்க. நிறம் அதிகமா தேவைப்படுறது முகத்தோட நடுவுலதான், தாடை ஓரத்துல மிச்சம் மீதி போனாப் போதும். ஸ்பாஞ்ச் வேண்டாம். இவ்வளவு கொஞ்சமா எடுக்கிற பொருள்ல பாதியை அதுவே குடிச்சிடும்.

கன்சீலர் இதுக்கு மேலதான் வரணும். அடியில போட்டா, டின்டட் மாய்ஸ்சரைசரைத் தேய்க்கும்போது அது துடைச்சிட்டுப் போயிடும். தழும்புக்குக் கெட்டியான கன்சீலர், உங்க சருமத்தோட அதே நிறத்துல. ஒரு ஷேடு வெளுப்பா எடுத்தா அந்த இடம் வெள்ளைப் பொட்டாத் தனியா தெரியும். மெல்லிய ப்ரஷ் நுனியில குண்டூசித் தலை அளவு எடுத்து, தழும்பு மேல மட்டும் வெச்சு, ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க. லேசா இறுகினதும் விரல் நுனியால ஓரத்தை மட்டும் தட்டி விடுங்க. நடுவைத் தொட்டா எல்லாம் கையோட வந்துடும். கருவளையத்துக்கு மாநிறத்துல ஆரஞ்சு கலந்த பீச் நிற கரெக்டரை (கருமையை ஈடுகட்டற நிற க்ரீம்) முதல்ல ரொம்ப மெல்லிசா போட்டு, மேல கன்சீலர். வெறும் கன்சீலர் போட்டா கண்ணுக்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி ஆகும்.

தழும்பு குழியாவோ மேடாவோ இருந்தா விஷயமே வேற. அங்க தெரியறது நிழல், அதை எந்த நிறத்தாலயும் மூட முடியாது. பளபளப்பான ஃபினிஷ் உள்ள டின்ட் அதை இன்னும் எடுத்துக் காட்டும்.

பதில் 2:

ரெண்டாவது கேள்விக்குப் பதில்: சன்ஸ்கிரீன் தனியாவே வேணும். இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிக்கிறப்போ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறாங்க. அந்தக் கணக்குல முகத்துக்கு மட்டுமே ஒரு கிராமுக்கு மேல வேணும், ஏறக்குறைய கால் டீஸ்பூன். மேலே சொன்ன பட்டாணி அளவு அதுல நாலுல ஒரு பங்குதான். அப்போ டியூப்ல 30னு இருந்தாலும் முகத்துல கிடைக்கிற பாதுகாப்பு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிடும். சரி, கால் டீஸ்பூனும் பூசிடலாமேன்னா, நிறம் தட்டையா, அப்பின மாதிரி நிக்கும். அடியில எஸ்பிஎஃப் 30, மேல எஸ்பிஎஃப் 15 போட்டா 45 ஆகாது, அப்படிக் கூட்டிப் பார்க்கவும் கூடாது. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்ல (யுவி) யுவிபி, யுவிஏன்னு ரெண்டு வகை உண்டு. எஸ்பிஎஃப் பெரும்பாலும் யுவிபி கதிரைப் பத்தித்தான் சொல்லுது. யுவிஏ-வுக்கு பிராட் ஸ்பெக்ட்ரம்னு எழுதியிருக்கா, யுவிஏ பாதுகாப்பைக் காட்டற பிஏ குறியீடு எத்தனை பிளஸ்னு தனியா பாருங்க.

இதைத் தாண்டி டின்டட் மாய்ஸ்சரைசர்ல ஒரு நல்ல விஷயம் உண்டு, அதை யாரும் பெரிசா பேசறதில்லை. பரு தழும்பும் மங்கும் (முகத்துல படர்ற கருந்திட்டு) கறுத்துப் போறதுக்கு யுவி மட்டும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும், முக்கியமா அதுல நீலப் பக்கம் இருக்கிறது, மாநிறம், கறுப்புச் சருமத்துல நிறத்தைக் கூட்டும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுக்காது. இரும்பு ஆக்சைடு தடுக்கும். அதனால சன்ஸ்கிரீன் மேல டின்ட் போடறது உங்க தழும்புக்கு உண்மையிலேயே நல்லது. மெல்லிசா போட்டா தடுப்பும் மெல்லிசுதான், அதனால இதையே நம்பி வெயில்ல நிக்க வேண்டாம். மங்கு தீவிரமா இருக்கிறவங்க நேரா டின்டட் சன்ஸ்கிரீனையே முழு அளவு போடறது மேல்.

கேள்வி கேட்டவர்:

ரெண்டு பதிலும் ரொம்ப உதவியா இருக்கு, நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். சன்ஸ்கிரீன் மேல எதைத் தடவினாலும் அழுக்கு மாதிரி திரி திரியா உருண்டு வருது, ஏன்? வீட்டுல இருக்கிற ஃபவுண்டேஷனையே மாய்ஸ்சரைசர்ல கலந்துக்கிட்டா போதாதா?

பதில் 3:

உருண்டு வர்றதுக்குப் பொதுவா மூணு காரணம் இருக்கும்: அடியில போட்டது காயலை, ரொம்ப அதிகமா போட்டாச்சு, இல்லேன்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத வகை. ஜெல் மாதிரி இருக்கிற சீரம், மாய்ஸ்சரைசர்கள்ல கெட்டிப்படுத்த கார்போமர், சாந்தன் கம் மாதிரி பொருள் சேர்ப்பாங்க. அது சருமத்து மேல மெல்லிய படலமா காயும். அதுக்கு மேல டைமெத்திகோன் நிறைய இருக்கிற சிலிகான் க்ரீமை வெச்சுத் தேய்ச்சா, அந்தப் படலம் உரிஞ்சு சுருண்டு வரும்.

முகத்துல பரிசோதனை பண்ணாதீங்க. புறங்கையில நீங்க தினமும் போடற அதே வரிசையில போட்டு, சன்ஸ்கிரீனுக்கு அப்புறம் 10 நிமிஷம் விட்டு, டின்டைத் தடவிப் பாருங்க. அப்பவும் உருண்டா சீரத்தை விட்டுட்டு மறுபடி பாருங்க. பெரும்பாலும் குற்றவாளி அங்கதான் இருக்கும். உங்க எண்ணெய் வழியற நெற்றிக்கும் மூக்குக்கும் சன்ஸ்கிரீனே போதும், அடியில தனி மாய்ஸ்சரைசர் வேண்டாம். கன்னத்துக்கு மட்டும் போடுங்க. டின்டைத் தேய்க்காம தட்டித் தட்டி ஒத்துங்க. அதுலயே பாதிப் பிரச்சினை தீரும்.

கலக்கறது பத்தி: மாய்ஸ்சரைசரோட கலக்கலாம். ஒரு பங்கு ஃபவுண்டேஷன், ரெண்டு பங்கு மாய்ஸ்சரைசர்னு ஆரம்பிங்க. அன்னன்னிக்குத் தேவையானதை மட்டும் உள்ளங்கையில கலங்க, டப்பாவுல கலந்து சேர்த்து வைக்காதீங்க. கலவை பால் திரிஞ்ச மாதிரி பிரிஞ்சா ஒண்ணு நீர்ப்பதம், இன்னொண்ணு சிலிகான்னு அர்த்தம், அந்த ஜோடி சரிப்படாது. லாங் வேர்னு (ரொம்ப நேரம் நிக்கிற வகை) எழுதின ஃபவுண்டேஷனைக் கலக்காதீங்க. அது சீக்கிரம் இறுகற மாதிரி செஞ்சது, மாய்ஸ்சரைசர் சேர்ந்தா அந்தக் குணமும் போகும், திட்டுத் திட்டாவும் நிக்கும்.

சன்ஸ்கிரீனோட மட்டும் கலக்கவே கலக்காதீங்க. சன்ஸ்கிரீன் சருமத்து மேல சீரான படலமா பரவினாத்தான் வேலை செய்யும். வேற க்ரீம் கலந்தா அந்தப் படலத்துல எங்க ஓட்டை விழுதுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

பதில் 4:

சாயங்காலம் வரைக்குமான கேள்வி அப்படியே நிக்குது. கன்னத்துல நிக்கும், மூக்குல நிக்காது. லாங் வேர் ஃபவுண்டேஷன்ல ஆவியாகிப் போற சிலிகானும், படலம் உண்டாக்கற ரெசினும் இருக்கும். போட்டதும் இறுகிப் பிடிச்சுக்கும். டின்டட் மாய்ஸ்சரைசர் ஈரமாவே இருக்கறதுக்குன்னு செஞ்சது. மேல எண்ணெய் சுரந்தா கரைஞ்சு நகரும், காலர்லயும் மாஸ்க்லயும் ஒட்டும். மூக்கு, நெற்றி நடு, மோவாய், கன்சீலர் வெச்ச இடம் இங்க மட்டும் பவுடரை அழுத்தி வைங்க. கன்னத்துக்கு வேண்டாம், வறட்சியை வெளுப்பாக் காட்டிடும். மதியம் எண்ணெய் வந்தா முதல்ல டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டுத்தான் பவுடர். எண்ணெய் மேலேயே பவுடர் போட்டா பிசைஞ்ச மாவு மாதிரி திட்டு விழும்.

ஷேடு பத்தி ஒண்ணு சொல்லணும். மெல்லிசுதானே, எந்த ஷேடும் ஒத்துப்போகும்னு சொல்றதை நம்பாதீங்க. வெளுத்த சருமத்துக்கு ஓரளவு சரி. மாநிறத்துக்கு மேல போனா, ஒரு ஷேடு வெளுப்பா இருந்தாலே முகம் சாம்பல் அடிக்கும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு வெயிலைத் தடுக்கிற வடிகட்டியா இருக்கிற டின்ட்ல இது இன்னும் அதிகம். தாடையிலேர்ந்து கழுத்து வரை ஒரு கோடு இழுத்து, 15 நிமிஷம் கழிச்சு ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. காய்ஞ்சு, முகத்து எண்ணெயோட சேர்ந்ததும் பல டின்ட் கொஞ்சம் கறுக்கும். கடை விளக்குல போட்ட உடனே பார்த்துத் தேர்ந்தெடுத்தா ஏமாந்துடுவீங்க. ரெண்டு ஷேடுக்கு நடுவுல தடுமாறினா மஞ்சள் சாயல் கூட இருக்கறதை எடுங்க.

நாள் முழுக்க வியர்வையில நிக்கிற நாள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கிற நாள் இந்த மாதிரிக்குப் பழைய ஃபவுண்டேஷன் பாட்டிலைத் தூக்கிப் போடாம வைங்க. அடியில திறந்த டப்பா படம் போட்டு 12எம்னு இருந்தா, திறந்து 12 மாசம் வரைக்கும்தான் கணக்கு. அதுக்குள்ள வாடை மாறினாலோ, குலுக்கியும் எண்ணெய் தனியா பிரிஞ்சே நின்னாலோ முகத்துக்கு வேண்டாம்.