இலையே இல்லாத பச்சைப் புதர்: பேர் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சோலார்தம்பி: பாலைவனத்துல ஒரு புதர். இலையே இல்ல, வெறும் பச்சைக் குச்சிதான். படம் போட்டிருக்கேன். நாளைக்கு பொக்லைன் வருது. நாட்டுச் செடின்னா விட்டுடச் சொல்லணும். அவசரம்.

கரிசல்காடு: எந்தப் பாலைவனம்ப்பா? துபாயா, ராஜஸ்தானா? படம் ஒரே மங்கல். முள் இருக்கா?

வேலிப்பருத்தி: கைர்தான், சந்தேகமே வேண்டாம். ஜோத்பூர்ல காயை ஊறுகா போடுவாங்க.

பச்சிலைப்பெரியவர்: தம்பி, முதல்ல கேள்வி கேட்கப் பழகுங்க. மண்ணு, முள், கணு, காய் எதுவும் சொல்லாம பேர் மட்டும் கேட்டா எப்படி? தார் பாலைவனத்துல இப்படி இலையில்லாம நிக்கிற புதர்ல முக்கியமா மூணு: கைர், கீம்ப், போக். மூணுக்கும் பச்சைத் தண்டுதான் இலையோட வேலையைப் பார்க்குது. கைருக்கு முள் ஜோடி ஜோடியா இருக்கும், பூ செவப்பு, கெட்டித் தரையிலயும் வரும்.

சோலார்தம்பி: ஜெய்சல்மேர் தாண்டி. மணல்மேட்டு உச்சி. முள் இல்ல. உடைச்சா பால் வரல.

மருதாணி: அப்ப கீம்ப். கூரை வேய, கயிறு திரிக்க எடுப்பாங்க.

வேலிப்பருத்தி: கீம்ப் எருக்குக் குடும்பமாச்சே, பால் வரணுமே?

மருதாணி: கீம்ப்ல தண்ணி மாதிரிதாங்க வரும். பாலை நம்பாதீங்க, காயைப் பாருங்க. நீளமா, ஒல்லியா இருக்கும், வெடிச்சா பஞ்சு பறக்கும்.

கரிமூட்டம்: எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? பாலைவனத்துல பச்சையா எது நின்னாலும் விடணும், சீமைக் கருவேலம் உட்பட.

பச்சிலைப்பெரியவர்: சீமைக் கருவேலம் மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வந்தது. தாரோட சொந்த மரம் கேஜ்ரி, நம்ம வன்னி. 1730-ல அதை வெட்ட வந்தப்ப கேஜர்லி கிராமத்துல பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தாங்க. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க.

கரிமூட்டம்: ராமநாதபுரத்துல வந்து சொல்லுங்க ஐயா. அந்தக் கருவேலத்துக் கரியிலதான் எங்க அடுப்பு எரியுது.

கரிசல்காடு: அதுக்குத் தனி இழை போடுங்க. தம்பி, கணு எப்படி இருக்கு? காய்?

சோலார்தம்பி: கணு வீங்கியிருக்கு. குட்டிக் காய், மேல முழுக்க செம்பழுப்பு மயிர்.

கரிசல்காடு: போக்! அறிவியல் பேர் காலிகோனம் பாலிகோனாய்டஸ். அசையுற மணல்மேடுதான் அதோட வீடு, வேர் ஆழமாவும் அகலமாவும் ஓடி மணலைப் பிடிச்சு வைக்கும். பூமொட்டைத் தயிர்ல போட்டுச் சாப்பிடுவாங்க. வேரைத் தோண்டிக் கரி போட்டே பல இடத்துல அழிஞ்சுபோச்சு. பிடுங்கி வேற இடத்துல நட்டுக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, வளர்ந்த செடி தாங்காது. மேட்டையே விடச் சொல்லுங்க.

மருதாணி: காய் முத்தினதும் விதை எடுத்து வைங்க. தண்டு வெட்டி நட்டாலும் வரும்.

சோலார்தம்பி: சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டார், அந்த மேட்டை விட்டுட்டுத் தோண்டுறாங்க. நன்றிங்க எல்லாருக்கும்.