சி6 செல்கள் நட்சத்திர வடிவம் எடுக்கின்றன, ஜி.எஃப்.ஏ.பி. ஏறவில்லை: இது வேறுபாடடைதலா?

குவாசுலு_செல் (டர்பன்):
வணக்கம். எலி மூளைக் கட்டியிலிருந்து வந்த சி6 கிளையோமா (மூளைத் துணைச்செல் புற்று) செல்கள். சீரம் இல்லாத மீடியத்தில் 10 மைக்ரோமோலார் ஃபோர்ஸ்கோலின் கொடுத்தால் 40 நிமிடத்தில் செல் உடல் ஒடுங்கி, நட்சத்திரம்போல் கிளைகள் நீள்கின்றன. 10% சீரத்தில் அதே அளவுக்குப் பாதி செல்கள் அசைவதே இல்லை. மருந்தைக் கழுவினால் பழையபடி தட்டையாகின்றன. 2 மணி நேரத்தில் எடுத்த வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவு பார்க்கும் சோதனை) ஜி.எஃப்.ஏ.பி. பட்டை ஏறவில்லை; ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவ மூளைத் துணைச்செல்லின் அடையாளப் புரதம் அது. பெர்டசிஸ் டாக்சினை (சில ஜி-புரதங்களை அடைக்கும் கக்குவான் கிருமி நச்சு, மில்லிக்கு 100 நானோகிராம்) ஃபோர்ஸ்கோலினோடு சேர்த்தே போட்டும் மாற்றமில்லை. "ஜி-புரதம் வழியான வேறுபாடடைதல்" என்று, அதாவது செல் முதிர்ந்த ஆஸ்ட்ரோசைட்டாக மாறுகிறது என்று, அறிக்கையில் எழுதலாமா?

கூர்க்கன்:
எழுத முடியாது தம்பி. ஜி-புரதம் என்ற சொல்லும் நிற்காது, வேறுபாடடைதல் என்ற சொல்லும் நிற்காது.

ஃபோர்ஸ்கோலின் (நம் சேலத்துப் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கன் கிழங்கின் சரக்குதான்) ஏற்பியையும், அதன் சைகையை உள்ளே கடத்தும் ஜி-புரதத்தையும் தாண்டி, சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறைச் செய்யும் நொதியான அடினைலைல் சைக்ளேஸை நேரே தூண்டுகிறது. ஜி-புரதத்தைக் காட்ட வேண்டுமானால் ஏற்பியிலிருந்து தொடங்குங்கள்: ஐசோபுரோட்டரினால் 10 மைக்ரோமோலார். அது பீட்டா-அட்ரீனல் ஏற்பி வழியே ஜிஎஸ்ஸை (சைக்ளேஸைத் தூண்டும் ஜி-புரதம்) எழுப்பும். அந்த ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலால் முன்கூட்டியே கொடுத்தால் அடங்க வேண்டும். ஐசோபுரோட்டரினால் கரைசல் இளஞ்சிவப்பானால் ஆக்சிஜனேற்றமாகிவிட்டது, கொட்டிவிடுங்கள். அன்றன்றைக்குக் கரைத்து, கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் தாங்கும். ஃபோர்ஸ்கோலினோடு ஒப்பிட வைக்கும் கட்டுப்பாட்டு மருந்து 1,9-டைடியாக்சி ஃபோர்ஸ்கோலின். சைக்ளேஸைத் தொடாது, மற்ற பக்கவிளைவுகள் பல அப்படியே இருக்கும்.

40 நிமிட வடிவமாற்றம் செல்லின் உள் எலும்புக்கூட்டு (சைட்டோஸ்கெலிட்டன்) வேலை. சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் அது எழுப்பும் பிகேஏ என்ற கைனேஸ் நொதி, ஆக்டின் இழைகளை இறுக்கிவைக்கும் ரோஏ புரதத்தின் 188-ஆம் செரீனில் பாஸ்பேட் ஏற்றி அதை அடக்கும். ஆக்டின் இழைக்கட்டு கரைய, செல் ஒடுங்கும். ஜி.எஃப்.ஏ.பி. மரபணு எழும்பிப் புரதம் சேர 24 முதல் 48 மணி நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பட்டையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அவ்வளவு நேரம் ஐசோபுரோட்டரினாலை நம்பாதீர்கள், ஏற்பி சில நிமிடங்களிலேயே மரத்துப்போகத் தொடங்கும். செல்லுக்குள் நுழையும் சைக்ளிக் ஏஎம்பி வடிவமான டைபியூட்டிரைல் சைக்ளிக் ஏஎம்பி 1 மில்லிமோலார் போடலாம். ஆனால் அது உடையும்போது பியூட்டிரேட் வெளிவரும், அது தனியாகவே ஹிஸ்டோனைத் தொட்டு மரபணுக்களை எழுப்பும். அதே அளவு சோடியம் பியூட்டிரேட்டோடு ஒப்பிட, தட்டில் ஒரு குழி கட்டாயம்.

லைசோ_நண்பன்:
சீரத்தில் செல்கள் அசையாததற்குப் பெரும்பாலும் காரணம் அதிலுள்ள எல்பிஏ (லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்ற கொழுப்புச் சைகை மூலக்கூறு). ஒரே எல்பிஏ ஏற்பி இரண்டு வழிக்குப் போகும். ஜி12/13 என்ற ஜி-புரத வழியில் ரோஏ, அது தூண்டும் ராக் கைனேஸ் இரண்டும் எழும்பி, கிளைகளை உள்ளிழுக்கும். ஜிஐ என்ற இன்னொரு ஜி-புரத வழியில் அதன் பீட்டா-காமா துண்டு, ராஸ் புரதத்தைத் தொட்டு இஆர்கே என்ற வளர்ச்சிச் சைகைக் கைனேஸை ஏற்றி, செல்லைப் பெருகச் சொல்லும். வளர்ச்சி ஒரு கையில், வடிவம் மறு கையில்.

டாக்சின் அடைப்பது ஜிஐ, ஜிஓ வகையை மட்டும். ஜிஎஸ், ஜி12/13, ஜிஸெட் மீது அதற்குப் பிடி இல்லை. ஆகவே நட்சத்திர வடிவம் மாறாதது சரியே. அதைவிட, ஃபோர்ஸ்கோலினோடு சேர்த்துப் போட்டதால் அது வேலையே செய்திருக்காது. உள்ளே நுழைந்து ஆல்ஃபா துண்டின் சிஸ்டீனைப் பூட்டச் சில மணி நேரம் பிடிக்கும். முந்தின இரவே போடுங்கள். விளைவை வடிவத்தில் தேடாமல், செல் எண்ணிக்கையிலும் இஆர்கே பாஸ்பேட்டிலும் தேடுங்கள்.

சீரத்துக்குப் பதில் ஆல்புமின் சேர்ப்பதாக இருந்தால் கொழுப்பமிலம் நீக்கியதை வாங்குங்கள். சாதாரண ஆல்புமின் எல்பிஏவைச் சுமந்துகொண்டே வரும், பின்வாசலில் சீரம் நுழைந்த கதைதான்.

குவாசுலு_செல்:
நன்றி. பிகேஏதான் என்று காட்ட, அதை அடக்கும் எச்-89, 10 மைக்ரோமோலார் போதுமா?

கூர்க்கன்:
அது பொறி. எச்-89 ராக் கைனேஸையும் அடக்கும். ராக் அடங்கினால் செல் தானாகவே நட்சத்திரமாகும், பிறகு எதை எது தடுத்தது என்று சொல்ல வழியில்லை. பிகேஏவை அடக்க ஆர்பி-சைக்ளிக் ஏஎம்பிஎஸ் அல்லது பிகேஐ பெப்டைடு மேல். பக்கத்துக் குழியில் ராக் அடக்கியான வை-27632, 10 மைக்ரோமோலார் வையுங்கள். ராக்கை மட்டும் அடக்கி வடிவம் வந்தும் 48 மணியில் ஜி.எஃப்.ஏ.பி. ஏறவில்லையென்றால், வடிவமும் வேறுபாடடைதலும் வேறு என்று உங்கள் தட்டே சொல்லிவிடும்.

லைசோ_நண்பன்:
இன்னொன்று. 48 மணி ஓட்டத்தில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) குறுக்கிட்டால் இன்குபேட்டர் கதவைத் திறக்காதீர்கள். கார்பன் டைஆக்சைடு போனால் மீடியம் ஊதாவாகும். 25 மில்லிமோலார் ஹெபிஸ் (பிஎச் காக்கும் உப்பு) முன்பே சேர்த்திருந்தால் பிஎச் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தட்டு நன்றாகக் குளிர்ந்துவிட்டால் மைக்ரோட்யூபூல் (கிளைகளைத் தாங்கும் உள் குழாய்கள்) தளர்ந்து கிளைகள் சுருங்கக்கூடும். அந்தத் தட்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.